அப்பத்தாவின் டிவியோடு உள்ளே போனேன்

காவலாளி என் கைபேசியை வாங்கி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "உள்ள ஆயிரக்கணக்குல போனு கெடக்குது சார். உங்களுது அதுல விழுந்துட்டா எங்கன்னு போய்த் தேடுறது?" என்றார். அப்போதே எனக்கு உள்ளங்கால் குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது. திருவிழாவுக்குப் போகிற பிள்ளைக்கு, ராட்டினத்தின் உச்சியை மரங்களுக்கு மேலே முதலில் பார்த்ததும் வருமே, அந்தக் குறுகுறுப்பு.

சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டை. அதற்குள் ஒரு மின்னணுக் கழிவு மறுசுழற்சி ஆலை. நம் வீட்டைவிட்டுப் போகும் டிவியும் கணினியும் போனும் கடைசியில் என்ன ஆகின்றன என்று ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நாலு மாதம் நச்சரித்து வாங்கிய அனுமதி. நிபந்தனை இரண்டு. ஆலையின் பெயரை எழுதக் கூடாது. கேட்காமல் எதையும் தொடக் கூடாது. இரண்டாவதைக் காப்பாற்ற அன்று முழுக்கக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தேன்.

வெறுங்கையோடு போகவில்லை. ஒரு துணிப்பையில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்திருந்தேன்: நாலு பழைய போன், ஊதிப்போன ஒரு பேட்டரி, எந்த போனுக்குரியது என்றே மறந்துபோன ஒன்பது சார்ஜர், உயிர்போன ஒரு மடிக்கணினி. காரின் பின்சீட்டில், போர்வை சுற்றி, அப்பத்தாவின் டிவி.

அந்த டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. 2006இல் தொடங்கிய அரசின் இலவசத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தது. தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அப்படி ஒரு பெட்டி போனது. சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பத்தா அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைத்தாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. பெட்டி அதற்கு முன்பே நின்றுவிட்டது. பழைய சாமான் வாங்குகிறவர் வந்து ஐம்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். பேரீச்சம்பழத்துக்கு ஈயமும் பித்தளையும் வாங்கிப்போன தாத்தாக்களின் வாரிசு அவர். இப்போது மொபெட்டில் வருகிறார், பழத்துக்குப் பதில் பணம் தருகிறார். "இத என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டேன். "கழுத்த ஒடச்சுச் செம்ப எடுத்துக்குவேன். கண்ணாடிய எவன் வாங்குறான்? கம்மாக் கரையில கொட்டிருவேன்" என்றார். ஒளிவுமறைவில்லாத மனிதர். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நான் டிவியைக் கொடுக்கவில்லை.

முதல் நிறுத்தம் எடைமேடை. பெட்டியை ஏற்றினார்கள், 11 கிலோ 200 கிராம். பையைத் தனியாக எடைபோட்டார்கள். ஒரு பெண் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிக்கொண்டார். உள்ளே வந்த எடைக்கும், வெளியே போகும் இரும்பு, செம்பு, பிளாஸ்டிக், கண்ணாடி, குப்பை ஆகியவற்றின் எடைக்கும் கணக்கு நேர்ப்பட வேண்டும் என்று விளக்கினார் மேற்பார்வையாளர். முப்பது வயதுக்குள் இருப்பார், பேச்சில் அத்தனை ஆர்வம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முன்பிருந்த விதிகளில் 21 வகைப் பொருட்கள், இப்போது 106. டிவி, போன் மட்டும் அல்ல. பொம்மைக் காரிலிருந்து மருத்துவக் கருவிவரை. தயாரித்து விற்கும் கம்பெனியே அதன் முடிவுக்கும் பொறுப்பு. அந்தக் கம்பெனிகள் இவர்களைப் போன்ற பதிவு பெற்ற ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும்.

"தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. இந்த நாலுல எவ்வளவு மீட்டோமோ அதுக்குத்தான் சார் சான்றிதழ்."

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நாலோடு நின்றுவிட்டார்களே என்று எனக்கு ஒரு குறை. ஏன் என்பதை ஹார்டு டிஸ்க் மேசைக்கு வரும்போது சொல்கிறேன்.

பையைத் திறந்து பார்த்த ஓர் அக்கா முகம் மாறினார். "ஊதின பேட்டரிய இப்படியா தம்பி மத்த சாமானோட போட்டுக் கொண்டுவருவீங்க? குத்திக்கிச்சுன்னா பைக்குள்ளயே பத்திக்கும்." இடுக்கியால் அதை எடுத்து மணல் நிரப்பிய வாளிக்குள் பதமாக இறக்கினார். லித்தியம் பேட்டரி கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே சூடு ஏறி, அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பி, நொடிகளில் தீயாகிவிடும். ஊதியதை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் கொண்டு வர வேண்டும். பழைய போனிலிருந்து பேட்டரியை நாமே நெம்பி எடுக்கவும் கூடாது. அன்று நான் கற்ற முதல் பாடம் இது. அந்த அக்காவுக்கு என் நன்றி.

ஒன்பது சார்ஜரில் ஒன்றை எடுத்து அதன் வயிற்றைக் காட்டினார் மேற்பார்வையாளர். பொடி எழுத்துக்களுக்கு நடுவே சக்கரம் வைத்த குப்பைத்தொட்டி, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. வீட்டுக் குப்பையோடு போடாதே என்று பொருள். ஐரோப்பாவிலிருந்து வந்த சின்னம். அதுவரை எனக்குத் தெரியும். "கீழ ஒரு கறுப்புப் பட்டை இருக்கு பாருங்க. 2005 ஆகஸ்ட் 13க்கு அப்புறம் சந்தைக்கு வந்த பொருள்னு அதுக்கு அர்த்தம்!" என்றார். ஒரு சின்னக் கோட்டுக்குள் ஒரு தேதியா! வீட்டுக்கு வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் சாமான்களையும் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றின் அடியிலும் அந்தப் பட்டை. நீங்களும் இப்போதே உங்கள் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது பிரிக்கும் கூடம். கதவைத் தள்ளியதும் "அடேயப்பா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். விசைப்பலகைகள் ஒரு குன்று. வாலோடு கூடிய எலிகள் ஒரு குன்று. கேபிள் டிவிப் பெட்டிகள், பிரிண்டர்கள், சுருள் வயர் தொங்கும் பழைய தொலைபேசிகள், முகம் பெயர்ந்த ஓர் ஏடிஎம். நெல் களத்தில் அம்பாரம் கட்டிய மாதிரி வகைவகையாய்க் குவித்திருந்தார்கள். நம் எல்லோருடைய கடந்த முப்பது ஆண்டுகளும் அங்கே தரையில் கிடந்தன. ஓர் ஓரத்தில் இரண்டு இளைஞர்கள் மடிக்கணினிகளுக்கு மின்சாரம் கொடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எழுந்துகொள்கிறவை பழுது பார்க்கப்பட்டு மறுவிற்பனைக்குப் போகும். என்னைக் கேட்டால் மறுசுழற்சியில் உயர்ந்த ரகம் இதுதான். பொருள் பொருளாகவே இன்னும் ஐந்து வருடம் வாழ்வதற்கு ஈடாக எந்த உலையும் எதையும் தந்துவிட முடியாது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு முக்காலியும் சாலிடரிங் அயர்னும் வைத்துக்கொண்டு செத்த போர்டுகளை எழுப்புகிறார்களே, அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மறுசுழற்சி ஆலை.

என் மடிக்கணினி எழவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டுத் தலையாட்டினார்கள்.

பிரிக்கும் மேசைகளில் அதிகம் பெண்கள். தலைக்கு மேலே சுருள் குழாயில் தொங்கும் காற்றழுத்தத் திருப்புளிகள். இழுத்தால் கைக்கு வரும், விட்டால் மேலே போகும். அங்கேதான் அன்றைய நாளின் நாயகியைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். முன்பு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் லைனில் இருந்தவராம்.

"அங்க மாட்டினேன் தம்பி. இங்க கழட்டுறேன். எந்த ஸ்க்ரூ எங்க இருக்கும்னு இன்னும் கைக்கே தெரியுது."

என் பழைய பொத்தான் போனை எடுத்தார். விர்ர், விர்ர், விர்ர். நான் மூச்சுவிட்டு முடிப்பதற்குள் அது மேசைமேல் பிரிந்து கிடந்தது. இது கேமரா. இது ஸ்பீக்கர், அதற்குள் ஒரு பொட்டு காந்தம். இது அதிர்வு மோட்டார். அதன் நுனியில் ஒருபக்கமாகத் துருத்தும் அரைநிலா வடிவ எடை, டங்ஸ்டன். அந்த அரைநிலா சுற்றியதால்தான் என் சட்டைப்பை பத்து வருடம் அதிர்ந்திருக்கிறது! ஒரு கைபேசிக்குள் அறுபது வகைத் தனிமங்கள்வரை இருக்கும் என்று படித்திருக்கிறேன். அதில் ஒன்றை உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பது வேறு அனுபவம்.

அடுத்து ஒரு புதுவகைப் போன் வந்தது. அதற்குத் திருப்புளி உதவவில்லை. சூடான தட்டில் வைத்துக் காத்திருந்தார். "இப்ப வர்றதெல்லாம் பசை போட்டு ஒட்டிடுறாங்க. சூடு காட்டினாத்தான் வாயத் திறக்கும். நாலு ஸ்க்ரூ வச்சா கொறஞ்சா போயிடுவாங்க?" என்றார். தயாரிக்கும் பக்கத்தையும் பிரிக்கும் பக்கத்தையும் தன் விரலால் அறிந்த ஒருவர் சொல்வது. போனை வடிவமைக்கிற பொறியாளர்கள் எல்லோரையும் ஒரு வாரம் அந்த மேசையில் அவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குப் பேராசை.

இனி தங்கம்.

போர்டைச் சாய்த்துப் பிடித்தார் போன் கழற்றும் அக்கா. விளிம்பில், சிம் உட்காரும் இடத்தில், பொத்தான்களுக்குக் கீழே வட்ட வட்டமாக மஞ்சள். பூச்சுதான், மைக்ரான் கணக்கில் மெலிசு. ஆனால் அசல் தங்கம். துருப்பிடிக்காது, மின்சாரத்தைத் தடங்கலின்றிக் கடத்தும், அதனால்தான் அது அங்கே இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் போட்ட பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு கைபேசியில் சராசரியாக 0.034 கிராம் தங்கம், 0.35 கிராம் வெள்ளி, 16 கிராம் செம்பு. நம்மூர்க் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். எட்டு கிராம் ஒரு சவரன். அப்படியானால் ஏறக்குறைய 235 போனுக்கு ஒரு சவரன்! மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவரும் நானும் சேர்ந்து அங்கே குவிந்திருந்த போன்களில் எத்தனை சவரன் இருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம்.

அந்த விகிதத்தில் ஒரு டன் போனில் 300 கிராம் தங்கம் வருகிறது. கோலார் தங்க வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வடஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிப் பாறையை உடைத்த இடம். 2001இல் அதை மூடியபோது ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கமே தேறிக்கொண்டிருந்தது. நம் பரணிலோ, டன்னுக்கு 300 கிராம் உள்ள தாது, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு, பழைய கொலுப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் படபடப்பும் ஒன்றாக வந்தன.

ஜப்பான்காரர்கள் இந்தத் தாதுவைத் தோண்டிக் காட்டினார்கள். டோக்கியோ 2020 ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளின் பதக்கங்கள் அத்தனையையும் மக்கள் கொடுத்த பழைய மின்னணுப் பொருட்களிலிருந்தே செய்தார்கள். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை சேர்த்தது 78,985 டன் சாமான். அது தவிரக் கடைகள்வழி 62 லட்சத்துக்கும் மேற்பட்ட கைபேசிகள். கிடைத்தது 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம். சுமார் 5,000 பதக்கம். 32 கிலோ என்றால் 4,000 சவரன். ஈட்டி எறிந்து நீரஜ் சோப்ரா வாங்கிய தங்கம் அதில் ஒன்று. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக்கில் 1.86 மீட்டர் உயரம் தாண்டி வாங்கிய வெள்ளியும் அதில் ஒன்று. யாரோ ஒரு ஜப்பானியப் பாட்டியின் மடக்கு போன் சேலத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம்!

இதைச் சொன்னதும் மேசையில் கைகள் ஒரு நொடி நின்றன. "நெசமாவா தம்பி? நம்ம மாரியப்பன் மெடலா?" என்றார் அந்த அக்கா. பக்கத்து மேசைக்குத் திரும்பிச் சத்தமாக அதைச் சொன்னார். அங்கிருந்து அடுத்த மேசைக்குப் போனது. கூடத்தின் கடைசிவரை அந்தச் செய்தி ஓடியதை நான் நின்று பார்த்தேன்.

போர்டுக்கு இரண்டு விதி உண்டு. ஒன்று, கொல்லைப்புறம். உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் ராம்கங்கை ஆற்றங்கரையில் போர்டுகளை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுத்த கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் ராஜதிராவகம் என்று படித்தோமே, தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவை, அதை முகக்கவசம்கூட இல்லாமல் வாளியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். செம்புக்காக வயரை எரித்தால் அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து டையாக்சின் கிளம்பும். ஈயம் மண்ணுக்குள் போகும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே அது தொடும். அப்படியும் போர்டில் உள்ள உலோகத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

இன்னொரு விதி இந்த ஆலையிலிருந்து தொடங்குகிறது. போர்டுகளைத் தரம் பிரித்து, நொறுக்கி, சீல் வைத்து, பெரிய உருக்காலைகளுக்கு அனுப்புகிறார்கள். பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் யூமிகோர் நடத்தும் ஆலை இந்த வேலையில் உலகப் புகழ் பெற்றது; பதினேழு உலோகங்களை மீட்கிறது. அங்கே நடப்பது எனக்கு மாயம் போலவே இருக்கிறது. போர்டில் உள்ள செம்பு உருகும்போது, தங்கம், வெள்ளி, பல்லேடியம் மூன்றும் அதில் கரைந்து சேர்ந்துகொள்கின்றன. கசடு தனியே மிதக்கும். பிறகு அந்தச் செம்பைச் சுத்தம் செய்யும்போது, மடியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தருகிறது. புகையை வடிகட்டி வழியே விடுகிறார்கள். கொல்லைப்புறத்திலும் ஹோபோக்கனிலும் பொருள் அதே போர்டுதான்.

ஹார்டு டிஸ்க் மேசையில் நான் ஏறக்குறையக் கூத்தாடினேன். மூடியைத் திறந்ததும் உள்ளே வட்டத் தட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி தோற்கும் பளபளப்பு. தட்டைப் படிக்கும் கையின் அடிமுனையில் இரண்டு காந்தத் துண்டுகள், நியோடிமியம். கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். இரண்டையும் நெருக்கினேன், டக்கென்று பாய்ந்து ஒட்டிக்கொண்டன, விரல் தப்பியது. என் பலம் முழுதும் போட்டும் பிரிக்க முடியவில்லை. சறுக்கித் தள்ளித்தான் பிரிக்க வேண்டும் என்று ஒரு தம்பி காட்டிக்கொடுத்தார். காற்றாலைக்கும் மின்சார வண்டிக்கும் வேண்டிய உலோகம் இது. ஆனால் சான்றிதழ் பட்டியலில் இருக்கும் நாலில் இது இல்லை. யாரும் கணக்குக் கேட்காததால் பல இடங்களில் இந்தக் காந்தம் இரும்போடு இரும்பாக உலைக்குப் போய்க் காணாமல் போகிறது. அந்தப் பட்டியலை நீட்டியே ஆக வேண்டும்.

மேசைக்கு அடுத்துத் தடுப்பு வைத்த அறை. வங்கிகளும் அலுவலகங்களும் அனுப்பும் டிஸ்க்குகளை, அவர்களுடைய ஆளையே சாட்சியாக நிறுத்திவைத்து நொறுக்குகிறார்கள். அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கோப்பு பெரும்பாலும் அழிவதில்லை. அதன் முகவரிதான் அழிகிறது. என் மடிக்கணினியின் டிஸ்க்கை நானே போட அனுமதித்தார்கள். கரகரவென்று பல் சக்கரங்கள் கடித்து இழுத்துக்கொண்டன. கீழே விரல்நகம் அளவு துண்டுகள் விழுந்தன. வீட்டிலிருந்தே கொடுக்கிறவர்கள், போனில் கணக்குகளை விட்டு வெளியேறி, முழுமையாக அழித்து மீட்டமைத்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுத்தால் போதும். தகவல் கசிந்துவிடும் என்ற பயத்தினாலேயே எத்தனை போன்கள் அலமாரியில் தூங்குகின்றன!

குளிர்பதனப் பெட்டிப் பகுதியை வேகமாகக் கடந்தோம். அங்கே முதல் வேலை வாயுவை உறிஞ்சி உருளையில் அடைப்பது. ஒரு குழாயை வெட்டிக் காற்றில் விட்டுவிட்டால், பல பழைய பெட்டிகளின் வாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். அந்த உருளைகளை அடுக்கிய வரிசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பிறகு காதடைப்பானைக் கொடுத்தார்கள். இயந்திர வரிசை. ராட்டினம் என்று சொன்னேனே, அது இதுதான்.

மேலே நொறுக்கி. பிரிண்டர் உடம்பு, டிவிடி பெட்டி, எல்லாம் முழுதாக உள்ளே போய்க் கைப்பிடிச் சில்லுகளாக வெளியே வருகின்றன. சில்லுகள் பட்டையில் ஓடும்போது மேலே குறுக்காக ஒரு காந்தப் பட்டை. இரும்புச் சில்லு ஒவ்வொன்றும் டப் டப்பென்று எகிறி மேலே ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் போய் விழுகிறது. இது நம் பள்ளிக்கூடக் காந்தம்தான், புரிகிறது. அதன் அடுத்த கட்டத்தில்தான் நான் நின்றுவிட்டேன். மேற்பார்வையாளர் சைகையால் இரண்டு முறை கூப்பிட்டார், நகரவில்லை.

அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டையின் முனையில், உருளைக்குள்ளே, வட துருவம் தென் துருவம் மாறி மாறிப் பதித்த காந்தங்கள் அசுர வேகத்தில் சுழல்கின்றன. அந்த மாறும் காந்தப்புலம் அலுமினியத் துண்டுக்குள்ளேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை எழுப்பி உருளையை எதிர்க்கிறது. ஒரு கணம், ஒட்டாத அலுமினியம் தானே காந்தமாகி, துள்ளுகிறது! பிளாஸ்டிக் தொப்பென்று பக்கத்துத் தொட்டியில் விழ, அலுமினியமும் செம்பும் வெட்டுக்கிளி மாதிரி தாவித் தூரத்துத் தொட்டிக்குப் போகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்திருப்பதுபோல ஒரு பெரிய வெள்ளி மழை. ஃபாரடே சொன்னதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது யாராவது என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கக் கூடாதா? இயற்பியல் ஆசிரியர்களே, உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அனுமதிக்கு நாலு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

காதடைப்பானைக் கழற்றியபோது மேற்பார்வையாளரிடம் கேட்டேன், உங்களுக்கு என்ன குறை என்று. "சாமான் பத்தலை சார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2022இல் உலகம் தள்ளிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா.வின் அறிக்கை. சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து அதிகம் தள்ளுவது நாம். ஆனால் இந்த இயந்திரம் வாரத்தில் சில நாட்கள் சும்மா நிற்கிறது. பொருள் பரணிலும், கண்மாய்க் கரையிலும், கொல்லைப்புற வாளியிலும் இருக்கிறது. எங்கள் ஊரின் மொபெட் அண்ணனிடம் இவர்கள் நேரடியாக நல்ல விலை பேசி, கழுத்தை உடைக்காமல் முழு டிவியாகக் கொண்டு வந்தால் கூடுதல் பணம் என்று சொன்னால் என்ன? தெருத்தெருவாக, வீட்டுக்குள்ளேயே வந்து வாங்கிப் போகும் அவருடைய பழக்கத்தை எந்தக் கம்பெனியும் புதிதாக உண்டாக்கிவிட முடியாது. மேற்பார்வையாளர் யோசித்தார். சில ஊர்களில் பேசிப் பார்த்திருக்கிறார்களாம். அவருடைய எண்ணை வாங்கி நம் அண்ணனிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசி அறை. அப்பத்தாவின் டிவி எனக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தது. போர்வையை மடித்து ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள்.

பின்மூடி கழன்றது. உள்ளே பதினைந்து வருடத் தூசி, ஒரு பல்லியின் எலும்புக்கூடு, பெரிய கண்ணாடிப் புனல். அதன் தோளில் ஒட்டியிருந்த ரப்பர்த் தொப்பிக்குக் கீழே முதலில் ஒரு கம்பியைச் செருகினார் தொழிலாளி. ஓடும்போது அங்கே இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். நின்ற பிறகும் மிச்சம் தங்கலாம். பிறகு கழுத்தைச் சுற்றிய செம்புச் சுருளை உருவி எடுத்தார். மொபெட் அண்ணன் கேட்டது அதைத்தான். கனமாக, அழகாக இருந்தது. பிறகு கழுத்து நுனியில் ஒரு சின்னத் துளை.

ஸ்ஸ்ஸ்.

அந்தக் குழாய்க்குள் ஆலையில் செய்த நாளிலிருந்து வெற்றிடம். இன்று முதன்முறையாகக் காற்று நுழைகிறது. சுத்தியலால் உடைத்திருந்தால் கண்ணாடி உள்வாங்கி வெடித்துச் சிதறியிருக்கும்; இப்படிச் செய்தால் பெருமூச்சு மட்டும்.

சூடான கம்பி வளையத்தை இடுப்பில் சுற்றினார்கள். டக் என்று ஒரு சத்தம். முன்பக்கத் திரை வேறு, பின்பக்கப் புனல் வேறு. இவை இரண்டும் வேறு வேறு கண்ணாடி. எக்ஸ் கதிரைத் தடுக்கப் புனலில் மட்டும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடு. கலந்துவிட்டால் இரண்டும் கெட்டுவிடும். ஈயக் கண்ணாடியில் உருக்காலை எடுத்துக்கொள்ளாததெல்லாம் கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுக்கென்றே காப்புப் போட்டுக் கட்டிய நிலநிரப்புக்குப் போகும். கண்மாய்க் கரைக்குப் போகாது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை எடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் லட்சக்கணக்கான ஊசித் துளைகள். கழுத்திலிருந்த மூன்று துப்பாக்கிகள் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒன்றாகச் சுட்ட கதிர்கள் அந்தத் துளைகள் வழியேதான் தத்தம் புள்ளியைத் தேடிப் போயிருக்கின்றன.

திரையின் உள்பக்கம் சாம்பல் வெள்ளையாக ஒரு மாவுப் பூச்சு. அப்பத்தாவுக்கு ஒளிர்ந்தது அதுதான். அவள் சீரியலின் பட்டுப்புடவைகள் எல்லாம் அந்த மாவில்தான் சிவந்தன. உறிஞ்சு குழாயை வைத்து, விளிம்பிலிருந்து நடுவுக்கு, கோலத்தைத் துடைப்பதுபோல மெதுவாக இழுத்தார்கள். நச்சுப் பொடி, ஒரு துளி காற்றில் போகக் கூடாது. கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

"தொட்டுக்கலாமா?" என்று கேட்டேன். கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

உள்பக்கத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். லேசாகப் புகையேறிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அப்பத்தா பாய் போட்டு உட்காரும் தூரத்தில், போன் கழற்றும் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தம்பி, டிவிக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார்.